மாப்பிள்ளையின் அட்டை

"அஞ்சு குண்டு போட்டிருக்கீங்க. அட்டையில ஒரு ஓட்டை கூட இல்ல. பேசாம இதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துடலாம், மாப்பிள்ளை!"

துப்பாக்கிக் கிளப்பில் அத்தனை பேர் எதிரிலும் சர்வேயர் தன் மாப்பிள்ளையின் இலக்கு அட்டையை வெயிலில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். அது சலவைக்குப் போய் வந்த மாதிரி சுத்தமாக இருந்தது.

பல் டாக்டரான மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "கை கொஞ்சம் நடுங்கிடுச்சு மாமா."

"நடுங்குமா? இந்தக் கையாலதான் ஊர்ப் பல்லையெல்லாம் பிடுங்குறீங்களா? நல்ல பல்லு எத்தனை போச்சோ!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பின்னால் பெஞ்சில் டெலஸ்கோப்போடு உட்கார்ந்திருந்த மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமையாக இதே பாட்டு. ரிடையர் ஆன பிறகு வீட்டில் குறை சொல்ல ஆள் கிடைக்காமல் திணறும் அப்பாவுக்கு, வாரம் ஒருநாள் இந்தக் கிளப்தான் உயிர். இருந்துவிட்டுப் போகட்டும். அதற்காகக் கட்டின புருஷன் மானத்தை இப்படியா வாங்கணும்?

கிளப் செயலாளர் சர்வேயரின் அட்டையை வாங்கிப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"சார், ஸ்கோப் கிடையாது. குழல் நுனியில இருக்கிற முள்ளை மட்டும் நம்பி ஐம்பது மீட்டர்ல சுடுறோம். வாரத்துக்கு ஒருநாள் வர்ற நமக்கெல்லாம் உள்ளங்கை அகலத்துக்குள்ள விழுந்தாலே பெரிய விஷயம். உங்களுக்கு அஞ்சும் ஒரு தீப்பெட்டிக்குள்ள அடங்குதே!"

"சர்வே பாத்த கண்ணுய்யா," என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார் சர்வேயர்.

மகளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கணவரைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"டெலஸ்கோப்புல எல்லாத்தையும் பாத்துட்டேன்."

"என்னத்த?"

"நடிக்காதீங்க. அப்பா சுட்டா பின்னாடி மண்மேட்டுல புழுதி பறக்குது. அடுத்து நீங்க சுட்டா அப்பா அட்டையில ஓட்டை விழுது. முள்ளையே உத்துப் பாத்துட்டிருந்தா பக்கத்து அட்டையில சுட்டுடுறது சகஜம்னு நீங்கதான் சொல்லுவீங்க. சரி, பாவம், மாறிப்போச்சுன்னு நெனச்சேன். அஞ்சு தடவையுமா மாறும்? அதுவும் காலேஜ்ல மெடல் வாங்கின ஆளுக்கு?"

டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மெதுவா பேசும்மா. அவருக்கு இப்பல்லாம் கிட்டத்துல இருக்கிற முள்ளு தெரியல. கண்ணாடி போட்டா தூரத்துல அட்டை தெரியல. மூணு வாரம் அட்டையில ஒண்ணும் விழலேன்னா கொட்டகைக்கு அனுப்பிடுவாங்க. பொடிசுங்க பத்து மீட்டர்ல காத்துத் துப்பாக்கி சுடுற இடம். உங்கப்பா அங்க போவாரா? அன்னியோட எல்லாத்தையும் விட்டுட்டு வீட்டுல மோட்டுவளையைப் பாத்துட்டு உக்காந்துடுவார்."

"உங்க அட்டைக்கும் இது மூணாவது வாரம். அதை யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு மனுஷன் இவ்வளவு நல்லவனாகவும் இவ்வளவு அசடாகவும் ஒரே நேரத்தில் எப்படித்தான் இருக்க முடியுமோ!

அதற்குள் செயலாளர் வந்துவிட்டார். பின்னாலேயே சர்வேயரும்.

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். அடுத்த வாரத்துலேருந்து நீங்க கொட்டகை."

இவர் போய்விட்டால் அப்பாவின் அட்டைக்கு யார் சுடுவது? அடுத்த ஞாயிறே குட்டு வெளிப்பட்டுவிடும். மகள் வாயைத் திறப்பதற்குள் சர்வேயர் குறுக்கே புகுந்தார்.

"இவரைத் தனியா அனுப்பினா பொடிசுங்க முன்னாடியும் என் மானம் போகும். நானும் கொட்டகைக்கே மாத்திக்கிறேன். கூட நின்னு திட்டித் திட்டித்தான் இவரைத் தேத்தணும்."

"நீங்களா? இப்படிச் சுடுற நீங்க எதுக்கு சார் அங்க..."

"சொன்னா சொன்னதுதான்."

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதுமே மகள் வெடித்தாள்.

"போதும்ப்பா! இவரைச் சந்தி சிரிக்க வச்சதெல்லாம் போதும். உண்மை என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்சா..."

"தெரியும்," என்றார் அப்பா.

வண்டியைக் கிளப்பப் போன டாக்டர் அப்படியே திரும்பிப் பார்த்தார்.

"கண்ணு நல்லா இருந்த காலத்துலயே எனக்கு உள்ளங்கை அகலத்துக்குச் சிதறும்மா. இப்ப போய் தீப்பெட்டிக்குள்ள விழுதுன்னா, அது நான் சுட்டதா இருக்குமா?"

"அப்போ தெரிஞ்சுக்கிட்டேதான் இவரை அந்தத் திட்டுத் திட்டினீங்களா?"

"திட்டாம இருந்தா ஊருக்குச் சந்தேகம் வந்துடாதா?"

அப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கொட்டகையில தூரம் கம்மி, எப்படியாவது ஒப்பேத்திக்குவேன். இனிமேலாவது உங்க அட்டையில சுடுங்க, மாப்பிள்ளை."