மூன்று நீலச் சொட்டுகள்

ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடித்தவர்கள் போன பிறகு, வெளிச்சுவரில் மூன்று நீலச் சொட்டுகள் காய்ந்து கிடந்தன. சுவர் அழுதது. அதன் வெடிப்பில் குடியிருந்த பல்லி, எதிர் மதில்வரை போய் நின்று பார்த்தது.

"இங்கேயிருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியலை, அக்கா."

"என்னைத் தேத்துறதுக்குச் சொல்றே" என்ற சுவர், பெயிண்ட் அடித்தவர்கள் விட்டுப்போன கம்பி பிரஷைக் கூப்பிட்டது.

"மூணு சொட்டுக்கா இந்த அழுகை? எனக்குப் பெயிண்ட் வேற, பூச்சு வேறன்னு பிரிக்கத் தெரியாது. தேய்ச்சா ரெண்டும் வரும்" என்றது பிரஷ்.

"வரட்டும், தேய்!"

நீலம் போனது. தேய்த்த இடங்கள் மட்டும் குழிந்து வெளுத்துத் தெரிந்தன.

"சுத்தியும் தேய்ச்சுச் சமமாக்கு" என்றது சுவர்.

தேய்க்கத் தேய்க்கக் குழி பெரிதாகியது. சாயங்காலம் செங்கல் வெளியே வந்தது. பல்லியின் வெடிப்பும் பூச்சோடு உதிர்ந்துபோனது. அது எதிர் மதிலுக்குக் குடிபோனது.

மழை பிடித்துக்கொண்டது. செங்கல் இடுக்கில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"அங்கேயிருந்து பார்த்துச் சொல்லேன். இந்தக் குழி தெரியுதா?" என்று சுவர் கேட்டது.

பல்லி வெகுநேரம் பார்த்தது.

"ஒண்ணுமே தெரியலை, அக்கா."

இந்த முறை சுவர் நம்பியது.