திட்டிப் பார்த்து வாங்கிய வீடு

பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் கூடத்துச் சுவரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் என் மனைவி என்னைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ஒன்றும் கேட்கவில்லை.

நாங்கள் வீடு பார்க்கும் முறை இதுதான். குழாயைத் திறந்து பார்ப்பது, மூலையில் ஓதம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது எல்லாம் அப்புறம். முதலில் அவள் உள் அறையில் நின்று தொண்டை கிழியக் கத்துவாள். நான் பக்கத்து வீட்டில் அனுமதி கேட்டுச் சுவரில் காதை வைப்பேன்.

அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கொடுத்த விசில் மேசைக்குள் தூங்குகிறது. மைதானத்தின் இந்தக் கோடியில் அவள் ஓர் அதட்டல் போட்டால் அந்தக் கோடியில் ஓடுகிற பிள்ளைகள் அப்படியே நிற்கும்.

வெறுமனே கத்தினால் குரல் எழும்பாதாம், நிஜமான கோபம் வேண்டுமாம். அதனால் எல்லா வீட்டிலும் ஒரே கதைதான். அவளிடம் சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வாஷிங் மெஷினை என் தங்கைக்குத் தூக்கிக் கொடுத்த கதை.

முந்தின நாள் புது வீட்டைப் பார்த்தோம். ஆறாவது மாடி. பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் வெளிச்சம். சமையல் மேடையை அவள் போகும்போதும் வரும்போதும் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்கும் மனசு பறிபோய்விட்டது, மறைப்பானேன்.

பிறகு அவள் கத்தினாள். அடுத்த ஃபிளாட்டில் இருந்த பெரியவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். கேட்டு முடித்து என் தோளைத் தட்டினார்.

"வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டுக் குடுத்திருக்கலாம் தம்பி."

அத்தோடு புது வீடு போயிற்று.

வாடகைக்கு இருந்த வீடுகளையெல்லாம் சத்தத்துக்காகத்தான் காலி செய்திருக்கிறோம். ஒரு வீட்டில் சுவரில் இடித்தார்கள். ஒரு வீட்டில் கூட்டம் போட்டார்கள். கடைசி வீட்டில் போலீஸையே கூப்பிட்டுவிட்டார்கள். இனி ஒருத்தரும் எங்கள் கதவைத் தட்டக்கூடாது என்றுதான் சொந்த வீடு. இரண்டு பேர் சேமிப்பையும் வழித்துப் போட்டால் ஒரே ஒரு வீடு. இதிலும் ஏமாந்தால் போக்கிடம் கிடையாது.

புரோக்கர் எங்களைச் சண்டைக்காரத் தம்பதி என்றே முடிவு கட்டியிருந்தார். கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகலாமே சார் என்று எனக்குப் புத்திமதி வேறு. நாங்கள் திருத்தவில்லை. உண்மையைச் சொன்ன இடத்திலெல்லாம் முகங்கள் மாறியதைப் பார்த்துவிட்டோம்.

இந்தப் பழைய வீட்டைக் காட்டவே அவருக்குக் கூச்சம். கதவுகள் ஊதிப்போய், மூடினால் திறக்க மறுக்கின்றன. குளியலறைக்குப் பின்கட்டைத் தாண்டிப் போக வேண்டும். குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் முனகல் வருகிறது. தெரிந்தே கிணற்றில் விழுகிறீர்கள் என்று மைத்துனன் தலையில் அடித்துக்கொண்டான்.

ஆனால் சுவர் ஒரு முழக் கனம்.

நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்த பல் டாக்டர் பொறுமை இழந்தார்.

"என்னதான் கேக்குது?"

"ஒண்ணுமே கேக்கலை சார்."

"அப்புறம் எதுக்குச் சிரிக்கிறீங்க?"

எனக்குச் சந்தேகம் வந்தது. இவள் கத்தவே ஆரம்பிக்கவில்லையோ? ஓடினேன். வாசலில் நுழைந்தேன், சத்தமில்லை. கூடத்தைக் கடந்தேன், முணுமுணுப்புப் போல ஏதோ ஒன்று. உள் அறைக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தேன்.

"அதுக்குள்ள என் புதுப் புடவை இருந்துச்சுய்யா!"

அறைந்தது மாதிரி வந்து விழுந்தது குரல். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, தொண்டை கட்டிப்போய் நின்றாள். என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

"கேட்டுச்சா?"

"ஒரு எழுத்துகூடக் கேக்கலை."

அவள் அந்தத் தூசித் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள், அழுதாள், மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்று எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. அதற்கு முன் மைத்துனனுக்கு போன் போட்டேன்.

தெருமுனைப் பூங்காவில் சுற்றிக்கொண்டிருந்தவன் எங்கள் மகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தான்.

பதிமூன்று வயது. அவளுக்குப் பேச்சு வரவில்லை. சந்தோஷம் வந்தால் கத்துவாள், அவ்வளவுதான். எங்கள் சண்டைக்கு எந்த ஊரிலும் எவரும் போலீஸைக் கூப்பிட்டதில்லை.

அறைக்குள் வந்து அண்ணாந்து பார்த்தாள். உயரமான கூரை, அதில் ஒரு கண்ணாடி ஓடு, அது வழியாக வெயில். அவள் உடம்பு முழுக்கத் துள்ள ஆரம்பித்தது. உடனே, நாங்கள் இத்தனை வருடமும் பழக்கிவைத்தபடி, தன் வாயைத் தானே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

என் மனைவி எழுந்து போனாள். அந்தக் கைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"கத்துடி என் கண்ணு."

கத்தினாள்.

என் மகளின் முழுக் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன்.