கதவடி வெளிச்சம்

பட்டப்பகலில் கறுப்புத் துணியால் சன்னல்களை மூடி, அந்த அறையை இருட்டாக்கியிருந்தார்கள். இருட்டில் மூளையின் நடுவே ஒரு சிறு சுரப்பி விழித்துக்கொள்ளும். சிறுநீரகத்தின் மேல் ஓயாமல் அட்ரினலின் என்னும் அச்சநீர் சுரக்கும் இன்னொரு சுரப்பியை அது அடக்கும் என்றார் மருத்துவர். இன்று எடுக்கும் இரத்தத்திலும் அந்நீரின் அளவு குறையாவிட்டால், அந்த இன்னொன்றை அறுத்தெடுத்துவிடுவார்கள். படுக்கையில் கிடந்த மங்களவல்லிக்கோ இருட்டென்றாலே நடுக்கம். அதை அவர்களுள் ஒருவரும் கேட்கவில்லை.

“பயப்படாதீங்கம்மா. பயந்தா அளவு ஏறிடும்” என்றாள் செவிலி.

“அந்த வார்த்தைக்குள்ளயே பயம் இருக்கேடிம்மா. வேற ஏதாச்சும் சொல்லேன்.”

கதவின் அடியில் வெளிச்சம் ஒரு கோடாகக் கிடந்தது. அதன் நடுவே இரண்டு நிழல்கள்: வெளியே காத்து நிற்கும் கணவரின் பாதங்கள். மங்களவல்லி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு மெல்லச் சீராயிற்று.

இரத்தம் எடுக்க இருளில் நரம்பைத் தடவித் தேடிய செவிலி, அந்த வெளிச்சக் கோட்டைக் கண்டாள்.

“சார், அங்க லைட்ட அணைச்சிடுங்க. உள்ள வருது.”

அவர் சொன்ன சொல்லைத் தட்டாதவர். கோடும் பாதங்களும் ஒருங்கே மறைந்தன.

“என்னங்க... இருக்கீங்களா?”

பதில் வருமுன் ஊசி இறங்கியது.