கீரியின் இடுப்பில் ஒரு புடைப்பு

கீரியின் சட்டைக்குள், இடுப்போரமாக, ஒரு புடைப்பு தெரிந்த நாளிலிருந்து பெருச்சாளிக்குச் சோறு இறங்கவில்லை. உள்ளே இருப்பது கைத்துப்பாக்கியாம், அதுவும் உசத்தியான ரகமாம். டீக்கடைக்குள் கீரி நுழைந்தாலே எல்லோரும் எழுந்து பெஞ்சைக் கொடுத்தார்கள்.

"நேத்து வரைக்கும் என்கூடத் தரையில குந்தியிருந்த பய!" என்று பெருச்சாளி பொருமியது.

கடைசியில், மழைக்காலத்துக்கென்று சேர்த்து வைத்த நிலக்கடலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு முள்ளம்பன்றியின் துப்பாக்கிக் கடைக்குப் போனது.

முள்ளம்பன்றி ஒரு துப்பாக்கியை எடுத்து வைத்தது. பளபளவென்று மின்னியது.

"இதுக்கு மூட்டை முழுசும் வேணுமே. மழைக்கு என்ன சாப்பிடுவீங்க?"

"அதை விடுங்க. கீரி வாங்கினதைவிட இது உசத்திதானே?"

முள்ளம்பன்றி விழித்தது. "அவரு எங்கே துப்பாக்கி வாங்கினாரு? விலையைக் கேட்டுட்டு, தோல் உறையை மட்டும் வாங்கி, அதுக்குள்ள ஒரு சோளக்கதிரைச் செருகிக்கிட்டுப் போனாரு."

பெருச்சாளி மூட்டையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. பல நாள் வயிற்றெரிச்சல் தணிந்த மாதிரி இருந்தது. வாசல்வரை போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு திரும்பி வந்தது.

"அண்ணே, அவன் வாங்கினதைவிடப் பெரிய உறை இருக்கா?"