சாவி இல்லாத முகவரி

மென்பொருளைச் சோதித்துப் பார்க்க நாங்கள் கிரிப்டோ எனும் இணையக் காசுக்குப் போலி முகவரிகளை உருவாக்குவோம். எழுத்தையும் எண்ணையும் கணினியே கண்டபடி கோக்கும். பார்த்தால் அசல் முகவரி போலவே இருக்கும், ஆனால் அதைத் திறக்கச் சாவி எவரிடமும் இல்லை. அதனால் அங்கே காசு போகலாம். அங்கிருந்து வர முடியாது.

பாய்ஸி நகரத்து எங்கள் அலுவலகத்தில் அன்று காலை அப்படியொரு முகவரிக்கு அனுப்பிய சோதனைக் காசு திரும்பி வந்தது. மதியத்துக்குள் சோதனை தேறாவிட்டால் எங்களுக்கிருந்த ஒரே வாடிக்கையாளரும் போய்விடுவார்.

“உன் சொந்த முகவரி எதையாவது உள்ள போட்டுட்டியா, வெண்டல்?” என்று கேட்டேன்.

“மூணு வாரமா சரியாத் தூங்கல, டெனீஸ். அதுக்காக அவ்வளவு மக்காயிடல.”

இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, எங்கள் கணினிக்குள்ளேயே மறுபடி அனுப்பினோம். காசு மறுபடி வந்தது.

“அந்த முகவரிய அழிச்சுட்டு வேற ஒண்ணு போடு, தாயே. எப்படி வந்துச்சுன்னு அப்புறம் பாத்துக்கலாம்,” என்றான் வெண்டல்.

அழித்தேன். புது முகவரி ஒன்று உருவானது. அனுப்பும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனேன், இன்னும் அழுத்தவில்லை.

அந்தப் புது முகவரியிலிருந்து ஒரு காசு வந்து சேர்ந்தது.