லீலண்ட் மேஜையைத் தட்டினார்

"யோவ் லீலண்ட்! பந்தய வில்லையை வை, இல்லன்னா சீட்டைப் போட்டுட்டு விலகு. இப்படி முறைச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தா சீட்டுல இருக்கிற ராஜாவுக்கு நரைச்சுடும்!"

ஹார்லன் சொன்னதும் மேஜையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள்.

டெக்சஸில் அந்தச் சின்ன ஊரின் தீயணைப்பு நிலையப் பின்னறையில் வியாழன் மதியம்தோறும் போக்கர் நடக்கும். பரிசு ஒரு ஜாடி பீச் ஜாம்தான். ஆனால் சட்டம் கறார். வில்லை தீர்ந்தவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட வேண்டும். சும்மா உட்கார்ந்து அடுத்தவர் சீட்டை எட்டிப் பார்க்கிற வேலையெல்லாம் அங்கே நடக்காது.

லீலண்டிடம் மூன்றே வில்லைகள் மிச்சம்.

ஜாம் அவருக்கு எதற்கு? சர்க்கரை வியாதிக்காரர். அவர் வருவது வெர்னாவுக்காக.

வெர்னா, ஹார்லனின் அண்ணி. அண்ணன் போய் மூன்று வருஷம். லீலண்டின் மனைவி போய் ஆறு. எட்டு மாதமாக வெர்னாவின் வலது பக்கத்தில்தான் லீலண்ட் உட்காருகிறார். "ஐஸ் டீ ஊத்தட்டுமா?" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வந்ததில்லை. ஐந்து மணி வரை அந்தக் குரலைப் பக்கத்தில் கேட்டால் போதும். அதற்காக மற்ற ஆறு நாளும் ஏங்கிக் கிடப்பார்.

மேஜை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக வைக்கும் ஐந்து சீட்டில் கடைசியும் திறந்தாகிவிட்டது. மற்றவர்கள் விலகிவிட்டார்கள். எஞ்சியது லீலண்டும் வெர்னாவும்தான்.

லீலண்டிடம் இரண்டு ஜோடி. மோசமில்லை. ஆனால் முதலில் பேச வேண்டியவர் அவர். பின்னால் பேசுகிறவர் கையில் என்ன இருக்கிறதோ! மூன்று வில்லையையும் வைத்துத் தோற்றால் இப்போதே கிளம்ப வேண்டும். மணி இரண்டுதான் ஆகிறது. வைக்காமல் விட்டால், நடுவில் கிடக்கும் வில்லைக் குவியல் போனாலும் கையில் மூன்று மிஞ்சும். அதை வைத்து அடுத்த ஆட்டத்தைத் தாண்ட முடியாதுதான். இருந்தாலும், இன்னும் ஒரு ஆட்டம் இருக்கலாமே.

மேஜையை இரண்டு முறை தட்டினார். நான் ஒன்றும் வைக்கவில்லை, நீங்கள் பேசுங்கள் என்று அர்த்தம்.

"தட்டிட்டான்யா! முதல் பேச்சு வந்தாலே இவனுக்கு உதறல்தான். உன்னை நம்பி எப்படித்தான் கிணறு தோண்ட விட்டாங்களோ!" என்றார் ஹார்லன்.

"நான் தோண்டின கிணத்துத் தண்ணியைத்தான் நீ குடிக்கிற."

வெர்னா தன் இரண்டு சீட்டையும் ஒருமுறை பார்த்தார். பிறகு அவற்றைக் கவிழ்த்தபடியே தள்ளிவிட்டார். "நான் விலகிக்கிறேன்."

"அண்ணி!" ஹார்லன் பதறிவிட்டார். "அவன்தான் ஒண்ணும் வைக்கலையே! நீங்களும் தட்டியிருந்தா செலவில்லாம ரெண்டு பேர் சீட்டையும் திறந்து பார்த்திருக்கலாம். சும்மா கிடைக்கிறதை யாராவது தூக்கிப் போடுவாங்களா?"

"மறந்துட்டேன்."

"எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதான். அண்ணன் இருந்தா தலையில அடிச்சுக்குவாரு!"

லீலண்டுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. நாலு பேர் முன்னால் அந்த அம்மா பேச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு, குவியலை இழுக்கக் கை வரவில்லை.

"அப்படி என்ன குப்பைச் சீட்டுன்னு பார்ப்போம்," என்று ஹார்லன் எட்டி அவற்றைத் திருப்பிப் போட்டார்.

இரண்டும் ராணி. மேஜையில் கிடந்ததோடு சேர்த்தால் மூன்று ராணி. லீலண்டின் இரண்டு ஜோடியெல்லாம் அதற்கு முன்னால் நிற்காது.



வெர்னாவின் முகம் காது வரை சிவந்திருந்தது. குவியலை லீலண்டின் பக்கம் அவரே தள்ளிவைத்தார்.

"பக்கத்து நாற்காலி காலியா இருந்தா எனக்கு ஆட்டமே ஓடாது, ஹார்லன். நீ சீட்டைக் கலை."