எல்லாத் திரையிலும் ஒரே தீ

அந்தச் செய்தி வந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று யார் கேட்டாலும், நான் எங்கள் டிவி கடையில்தான் நிற்கிறேன். நிறத்தை ஒப்பிட்டு வாங்க வசதியாக எல்லாப் பெட்டியிலும் ஒரே சேனல் ஓடுகிறது. தீவிரவாதிகள் குண்டு வைத்த சந்தை, எங்கள் கடைச் சுவர் முழுக்கத் திரை திரையாக எரிகிறது. என் தம்பி காலையில் அங்கேதான் போனான். மகன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. டிவி வாங்க வந்தவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்கிறார். “இதுல சிவப்பு வெளிறுது சார். அந்தப் பெரிசுல தீ ஜம்முன்னு இருக்கு. அதையே பில் போடுங்க.” “அப்பா, சித்தப்பா எடுக்கல.” மெயின் சுவிட்சை இழுத்து இறக்குகிறேன். “என்ன சார், கரண்ட் போயிருச்சா?” “இல்ல. நெருப்ப வித்துச் சோறு திங்கிற குடும்பம் இல்ல இது. நடையக் கட்டுங்க.” கறுத்த திரைகள் எல்லாவற்றிலும் நாங்கள் மூவரும் நிற்கிறோம். மகனின் போனில் மணி போய்க்கொண்டே இருக்கிறது.